நெடுவாறு நின்ற அறுபத்துமூன்று நாள்

நெடுவாறு நின்றுபோனது ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை, பகல் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால். வற்றவில்லை, வறளவில்லை, யாரும் குறுக்கே மறிக்கவுமில்லை. ஓடிக்கொண்டிருந்த ஆறு ஓடிய கோலத்திலேயே, அலை அலையாகவும் சுழி சுழியாகவும் நுரை நுரையாகவும் நின்றுவிட்டது. ஒத்தைப்பாறை அருவி உச்சிக்கும் அடியில் ஆழமாகத் தேங்கும் கசத்துக்கும் நடுவே, அறுபதடி உயரத்துக்கு, விழுந்த தண்ணீர் விழுந்தபடியே அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று மலையடிவாரத்து மூங்கிலடியில் யாரும் யாரையும் கேட்கவில்லை. சடையாண்டி அதைப் போகச் சொல்லவில்லை, அதனால் நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

சடையாண்டிக்கு வேலை, மலை பார்க்க வருகிற ஆட்களை நெடுவாற்று இடுக்குக்குள் கூட்டிப் போய்க் கூட்டி வருவது. வானத்தை ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் காட்டுகிற இடுக்கு அது. இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவில் ஆறு, ஆற்றில் வழுக்கலும் உருட்டும். எட்டு மைல் நடையில் ஆற்றை ஐந்து இடத்தில் இக்கரைக்கும் அக்கரைக்குமாக மாறிக் கடக்க வேண்டும். கடைசிக் கடவு ஒத்தைப்பாறை அருவியின் தலைமேட்டில், தாம்பாளம் போன்ற பாறையில், தண்ணீர் எட்டிக் குதிப்பதற்குப் பத்தடி முன்னால் இருந்தது.

மூங்கிலடியில் வழிகாட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடவில் இறங்குமுன் கையிலிருக்கும் கம்பின் நுனியைத் தண்ணீரில் வைத்து, "ஆத்தா, இத்தனை பேர் எறங்குறோம், வழி விடு" என்று ஆள் கணக்கைச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் அக்கரை ஏறிய பிறகு, "ஆத்தா, குறையில்லாம ஏறிட்டோம், நீ போ" என்று சொல்லி அனுப்பி வைக்க வேண்டும். நடுவில் ஆறு நிற்கிறதா ஓடுகிறதா என்று யாரும் பார்த்ததில்லை. ஓடத்தான் செய்தது, கண்ணுக்கு முன்னால் ஓடியது, ஆனாலும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் போய்வாருங்கள் என்று சொல்வதில்லையா, அதைப் போல.

இந்தக் கணக்கில் வந்த விருந்தாளிகளைச் சேர்ப்பார்கள், சொல்கிறவன் தன்னையும் சேர்த்துக்கொள்வான், தன் வீட்டு ஆளை மட்டும் சேர்க்க மாட்டான். வீட்டு ஆட்களை எண்ணினால் கண்ணேறு பட்டுவிடும், எண்ணி வாய் மூடுமுன் ஒன்று குறைந்துவிடும் என்று மூங்கிலடியில் எல்லோருக்கும் ஒரு பயம். சடையாண்டியின் வீட்டு ஆள் வீருமாயி. இருபத்திரண்டு வருஷமாக அவன் முன்னே கம்போடு போவான், நடுவே விருந்தாளிகள் போவார்கள், கடைசியில் சும்மாட்டின்மேல் மூடிபோட்ட பெரிய எவர்சில்வர் தூக்குவாளியோடு அவள் வருவாள். வாளிக்குள் தேக்கிலையில் கட்டிய புளிச்சோறு இருக்கும். அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று கேட்டால், "கட்டும்போதே சாப்பிட்டேனே" என்பாள். ஒருநாளும் அவன் அவளை எண்ணியதில்லை. ஆசையினால்தான் எண்ணவில்லை, அதை இப்போது எந்தக் கோயிலில் போய்ச் சத்தியம் செய்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதுரைப் பக்கமிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். "ஆத்தா, பன்னெண்டு பேர் எறங்குறோம்" என்றான் சடையாண்டி. வெயில் பளீரென்று அடித்தது, ஆனால் மேல்மலையில் மழை பெய்திருந்தது, அது இங்கே யாருக்கும் தெரியாது. பதினோரு பேரும் கைகோத்துக் கடந்து ஏறினார்கள், பன்னிரண்டாவதாக அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்த அவனும் ஏறினான். தனக்குச் சொல்லப்பட்ட பன்னிரண்டும் ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு அதற்கப்புறம் பொறுக்கவில்லை. இடுப்பளவு செந்தண்ணீர் ஒரே வீச்சில் வளைவு திரும்பி வந்தது. வீருமாயி நடுப்பாறையில் இருந்தாள். சடையாண்டி திரும்பிப் பார்த்தபோது பச்சைச் சேலையும் வாளியும் பாறை விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தன. குறையில்லாம ஏறிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு அந்தச் சொல் தொண்டையிலேயே நின்றது, அது நின்ற அதே நொடியில் ஆறும் நின்றது.

முதல் மூன்று நாள் ஊரே அருவியில்தான் கிடந்தது. அருவியின் உச்சியிலிருந்து ஒரு மூங்கில் நீளத்துக்குக் கீழே, தண்ணீருக்குள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் வீருமாயி நின்றாள். தலை மேலாகவும் இல்லாமல் தலை கீழாகவும் இல்லாமல் கொஞ்சம் சாய்ந்து, இரண்டு கையையும் மேலே நீட்டி. கைக்கு ஒரு முழம் மேலே வாளி நின்றது. மூடி திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, எதையோ சத்தமாகச் சொல்லத் தொடங்கிய வாய். கயிறு கட்டி இறங்கினவர்கள் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது, குளிர்ந்தது, நனைத்தது, ஆனால் முழங்கைக்கு மேல் உள்ளே விடவில்லை. தீயணைப்பு வண்டி ஆட்கள் வந்து பார்த்தார்கள், நீரளக்கும் அதிகாரிகள் வந்து கருவியை நீட்டி, வேகம் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு, மேலே பெய்கிற மழையெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். அதுவும் ஆற்றின்மேல் விழுந்து நிற்கிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

பிறகு ஊர் பழகிக்கொண்டது. மனிதர்கள் எதற்குத்தான் பழகவில்லை. பிறந்ததிலிருந்து ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசிப் பழகியிருந்த மூங்கிலடிக்காரர்கள், சத்தம் நின்ற பிறகும் பழைய குரலிலேயே பேசியதில், அடுத்த வீட்டு ரகசியமெல்லாம் அடுத்த தெருவுக்குக் கேட்டு, அந்த மாதம் மட்டும் நான்கு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டன; அதன் பிறகுதான் எல்லோரும் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். கைக்குழந்தைகள் அமைதி தாங்காமல் அழுதன, தாய்மார்கள் தகரத்தில் புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டித் தூங்கவைத்தார்கள். கொக்கு ஒன்று நின்ற தண்ணீருக்குள் நின்ற மீனைக் கொத்திக் கொத்தி அலகு தேய்ந்துபோய், கடைசியில் டீக்கடைப் பக்கம் வந்து முறுக்குத் தூள் தின்னத் தொடங்கியது. பிள்ளைகள் எறிந்த கூழாங்கல் அருவிக்குள் போய் ஆளுக்கொரு உயரத்தில் நின்றது, எது யார் கல் என்று அதற்கொரு சண்டை.

வெளியூர்க்காரர்கள் வண்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். இடுக்கு வழியாக எட்டு மைல் நடந்து வந்து, வீருமாயியைப் பார்த்ததும் ஏனோ எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரோ பாறையில் குங்குமம் வைத்தார்கள், யாரோ மஞ்சள் கயிறு கட்டினார்கள், பிள்ளையில்லாத ஒருத்தி வளையல்களைக் கோத்துத் தொங்கவிட்டாள். சாம்பிராணி போட வந்தவர்களிடம் மட்டும் சடையாண்டி வாயைத் திறந்தான்.

"அத அணைங்கய்யா. அவளுக்கு ஆகாது, தும்முவா."

அவள் என்ன சொல்ல வாய் திறந்தாள் என்பதுதான் ஊரில் ஓயாத பேச்சு. மாரியாத்தாளைக் கூப்பிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். செத்துப் பிறந்த தன் பிள்ளையைக் கூப்பிட்டாள் என்று அவளுடைய அக்காக்காரி சொல்லி அழுதாள். உதடு குவிந்திருக்கிற தினுசைப் பார்த்தால் புருஷன் பேரைத்தான் சொல்கிறாள், வாழ்நாளில் சொல்லாத பேரை அந்த நேரத்தில் சொல்லிவிட்டாள் என்றார் டீக்கடைக்காரர். என்னை எண்ணலையே என்று கேட்கிறாள் என்றுதான் சடையாண்டிக்குத் தோன்றியது.

அவன் தினமும் விடிந்ததும் போய் அருவிக்கு எதிர்ப்பாறையில் உட்கார்ந்தான். அவனுக்குத் தாடி வளர்ந்தது, வளர்ந்தது நரைத்தது. அவள் காதோரத்தில் அன்று செருகிய கனகாம்பரம் வாடவில்லை. பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டாமா என்று கேட்டு வந்த சொந்தக்காரர்களை அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"யாருக்கு?"

"என்னப்பா இப்பிடிக் கேக்குற? வீருமாயிக்குத்தான்."

"அவ எங்க செத்தா? இன்னும் கீழ வரவே இல்லையே" என்றான்.

விழுந்தால்தான் சாவு. விழாதவள் சாகவில்லை. ஒரு சொல், ஆறு எதிர்பார்த்துக் காத்திருக்கிற அந்த ஒரு சொல்லை அவன் சொல்லாதவரைக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள். அவன் அதைச் சொல்லப்போவதில்லை, ஊருக்கும் அது தெரியும்.

கசத்துக்குக் கீழே ஆறு வெறும் மணலாகிவிட்டது. கீழ்நாட்டு ஐந்து ஊர்களிலும் நடவு கருகியது. விவசாயிகள் முதலில் மரியாதையாக வந்தார்கள், பிறகு கோபமாக வந்தார்கள், எதிர்ப்பாறை வரை ஏறி வந்து, எதிரே தண்ணீருக்குள் நிற்கிறவளைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் பெண்டாட்டி உண்டு.

அறுபதாம் நாள் கீழ்நாட்டு மணலோடையிலிருந்து பேச்சிக்கண்ணு என்றொரு பெண் தனியாக வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டில்லை. எட்டு மைலையும் நடந்து வந்த அவள் கையில், வாயில் வேட்டித் துணி கட்டிய ஒரு மண்கலயம் இருந்தது. பாறையில் கலயத்தை வைத்து அதை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணே, இது எங்க வீட்டுக்காரரு" என்றாள்.

சடையாண்டி கலயத்தைப் பார்த்தான்.

"எங்கூரு மடைக்குத் தண்ணி பாச்சுறவரு. முப்பத்தஞ்சு வருசம் இந்தத் தண்ணிய வயலுக்கு வயல் திருப்பி விட்டவரு. நெஞ்சு வலின்னாரு, போயிட்டாரு. எரிச்சாச்சு, சாம்பலும் அள்ளியாச்சு. கரைக்கத்தான் ஆத்துல தண்ணியில்ல. நாப்பத்தோரு நாளா மாட்டுக் கொட்டத்துல உறி கட்டித் தொங்கவிட்டிருக்கேன். விடிஞ்சு வாசல் தெளிக்க வந்தா அங்க தொங்குறாரு. மாடு கத்துனாத் திரும்பிப் பாக்குறாப்புல இருக்கு."

"வேற ஆத்துக்குக் கொண்டு போகலாமேத்தா" என்றான் சடையாண்டி. அறுபது நாளில் அவன் அடுத்தவர் கதைக்கு வாய் திறந்தது அதுதான் முதல்.

"எம்மகனும் அதத்தான் சொன்னான். எனக்கு மனசு கேக்கலண்ணே. இந்தத் தண்ணிய மட்டுந்தான் அவருக்குத் தெரியும். வேற ஆத்துல விட்டா எந்த மடைக்குப் போறதுன்னு தெரியாமத் திகைச்சு நிப்பாரு." அவள் முந்தானையால் கலயத்தின் விளிம்பைத் துடைத்தாள். "எங்க அஞ்சு ஊருலயும் இப்பிடிப் பதினோரு கலயம் தொங்குது. பொறந்து எட்டு நாளான பச்சப்புள்ளயக்கூட பொதைக்க மனசில்லாம எரிச்சு ஒருத்தி சொப்புல வச்சிருக்கா. நான் ஒங்களக் கொற சொல்ல வரல. ஒங்க வீட்டுக்காரி இன்னும் போகல, நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்க. எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு, ஆனா அவரால போக முடியல. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் அழவில்லை. அருவிக்குள் இருந்தவளை வெகுநேரம் பார்த்தாள். "மகராசி, தல கலையாம நிக்கிறா" என்றாள், கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

அவள் கற்களுக்கு நடுவே வழி தேடுவதைச் சடையாண்டி பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் நடப்பதைப் பார்த்தே எங்கே வழுக்குவாள் என்று சொல்லிவிடுகிற கண் அவனுக்கு. இரண்டாவது வளைவில் அவள் தடுமாறினாள். கலயத்தை விட்டுவிட்டுப் பாறையைப் பிடித்திருக்கலாம், அவள் கலயத்தைத்தான் இரண்டு கையாலும் பிடித்தாள், முழங்கால் பாறையில் அடித்து ரத்தம் வந்தது. அவன் எழுந்து ஓடினான். கம்பைக் கொடுத்து, மிச்ச வழி முழுக்க முன்னே நடந்து அவளை இறக்கிவிட்டான். இடுக்கு முடிகிற இடத்து வனத்துறைச் சோதனைச்சாவடியில் பிரியும்போது சொன்னான்:

"செவ்வாய்க்கிழமை சொல்லிர்றேன்த்தா. எல்லாரையும் கொண்டுட்டு வரச் சொல்லு."

அவன் மனதில் ஓர் ஏற்பாடு இருந்தது. வழக்கப்படி அந்தச் சொல்லை அக்கரையிலிருந்துதான் சொல்ல வேண்டும், ஆனால் அக்கரை என்பது அருவியின் தலைமேடு மட்டுமில்லையே. கசத்தின் அந்தப் பக்கமும் அக்கரைதான். கீழே நின்று சொல்வான். ஆறு அசையும். அவள் விழுவாள். அவன் பிடித்துக்கொள்வான். அறுபதடியிலிருந்து தண்ணீரோடு வருகிற ஆளைப் பிடிக்க முடியுமா என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. வழிகாட்டிகள் நான்கு பேர் வந்து அவன் இடுப்பில் கயிறு கட்டி அத்திமரத்தில் முடிந்தார்கள், கசத்தின் வாயில் வலை கட்டினார்கள். அதுதான் அவர்களால் சொல்ல முடிந்த ஆறுதல்.

செவ்வாய்க்கிழமை, அறுபத்துமூன்றாம் நாள், பகல் சோற்றுக்கு முன்னால், கசத்திலிருந்து மணலோடை வரை ஆற்றின் இரண்டு கரையிலும் ஐந்து ஊர்ச் சனமும் நின்றது. பதினோரு கலயங்களையும் துணி அவிழ்த்துக் கையில் ஏந்தியிருந்தார்கள். சடையாண்டி கசத்தின் அக்கரையோரம் முழங்காலளவு நின்ற தண்ணீரில், அருவிக்கு நேர் கீழே நின்றான். தலைக்கு மேலே பச்சைச் சேலையின் விளிம்பு தெரிந்தது. கம்பின் நுனியைத் தண்ணீரில் வைத்தான். குறையில்லாம என்று தொடங்க வேண்டிய சொல் அது. பொய் சொன்னால் ஆறு கேட்காது, அதற்குக் கணக்குத் தெரியும்.

"ஆத்தா" என்றான். "பன்னெண்டுன்னு ஒன்கிட்டச் சொன்னது தப்பு. பதிமூணு பேர் எறங்குனோம். நான் எண்ணல. பன்னெண்டு பேர்தான் ஏறுனோம். எம் பொண்டாட்டி வீருமாயி, ஒரு ஆளு கொறையுது." அண்ணாந்து அவளைப் பார்த்தான். "நீ போ."

ஆறு அசைந்தது. அறுபத்துமூன்று நாள் அடங்கிக் கிடந்த சத்தம் ஒன்றாக இடிந்து வந்தது, அந்தச் சத்தத்துக்கெல்லாம் முன்னால், தெளிவாக, இரண்டு கரையும் கேட்க, அவள் வாயில் நின்றிருந்த குரல் வந்தது.

"வாளியப் புடிங்க!"

மாரியாத்தாளும் இல்லை, பிள்ளையும் இல்லை, புருஷன் பேரும் இல்லை. பதினோரு பேர் பசியோடு கரையேறி நிற்கிறார்கள், சோறு ஆற்றோடு போகிறது, அவளுக்கு அதுதான் கவலை. மலைமேல் பின்னாலிருந்து வருகிற அந்தக் குரல் சொன்னதை இருபத்திரண்டு வருஷமாகச் செய்து பழகியவன் சடையாண்டி. தலைக்கு மேலே வாளி பளபளத்துக்கொண்டு வந்தது, அதற்கு ஒரு முழம் தள்ளி அவள் வந்தாள், அவனுடைய இரண்டு கையும் அவனைக் கேட்காமல் வாளிக்குப் போயின. பிடித்துவிட்டான். கெட்டியாக, மார்போடு சேர்த்துப் பிடித்துவிட்டான். பச்சைச் சேலை அவன் தோளை உரசிக்கொண்டு போயிற்று.

வலை ஒரு வைக்கோல் பிரியைப்போல் அறுந்து போனது. தண்ணீர் மணலில் இறங்கி, பாய்ந்து, வழி ஞாபகம் வந்து ஓடியது. ஒவ்வொருவராகக் கலயத்தைக் கவிழ்த்தார்கள், யாரும் அழவில்லை, எல்லோரும் ஏதோ பேர் சொன்னார்கள். பச்சப்பிள்ளைக்காரிக்கு இன்னும் வைத்திராத பேர் அப்போதுதான் கிடைத்தது, அதைச் சொல்லிச் சொப்பைச் சாய்த்தாள். மணலோடைத் திருப்பத்தில் பேச்சிக்கண்ணு தன் கலயத்தைக் கவிழ்த்து நிமிர்ந்தபோது, அவள் காலடி மணலில் வீருமாயி வந்து ஒதுங்கினாள்.

பெண்கள் அவளைத் தூக்கிக் கரையில் கிடத்திச் சேலையைச் சரிசெய்தார்கள். தொட்டவர்கள் எல்லோரும் கையை இழுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் உடம்பு இன்னும் சுட்டது. மூச்சு மட்டும் இல்லை. காதோரத்துக் கனகாம்பரம் அப்போதுதான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாடத் தொடங்கியது.

சடையாண்டி எட்டு மைலையும் நடந்து வந்து சேர்ந்தான். வாளியை மார்போடு அணைத்தபடியேதான் வந்தான், வழியில் யார் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்கவில்லை. அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். பிறகு அவன் வாளியின் மூடியைத் திறந்தான்.

ஆவி வந்தது. புளியும் நல்லெண்ணெயும் தேக்கிலையும் கலந்த வாசம் கரை முழுக்கப் பரவியது. அன்றைக்குக் காலையில் கட்டிய சோறு, அவளைப் போலவே சூடாக இருந்தது. சடையாண்டி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து மணலில் வைத்தான். வைத்து முடித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். எண்ணி முடித்து வாளிக்குள் கைவிட்டுத் துழாவினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

"என்னண்ணே எண்ணுறீங்க?" என்றாள் பேச்சிக்கண்ணு.

"பன்னெண்டுதான் இருக்குத்தா" என்றான் சடையாண்டி. "அவளுக்குக் கட்டுனத எங்கன்னு பாக்குறேன்."